நான் போட்டுக் காட்டிய அரக்குப் பட்டு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். நீங்களும் சிரிக்கத்தான் போறீங்க, சிரிங்க, ஆனா இது நடந்தது.

தொண்ணூறுகளோட ஆரம்பத்துல தாம்பரத்துல ஒரு பட்டுக்கடையில சேல்ஸ்ல நின்னேன். நின்னேன்னா நிஜமாவே பத்து மணி நேரம் நின்னேன், உக்காந்தா சூப்பர்வைசர் முறைப்பார். நாப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிட்டு "சும்மா பாக்கத்தான் வந்தோம்"னு போறவங்களைக்கூட மன்னிச்சிடுவேன், "எங்க பொண்ணு உன் கலர்தாம்மா, கொஞ்சம் மேல போட்டுக் காட்டேன்"னு நம்மளையே பொம்மையாக்குவாங்க பாருங்க, அதுதான் பெரிய பேஜார்.

அந்த ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஏற்கனவே ரெண்டு இடம், கடையில நிக்கிற பொண்ணு வேணாம்னு போயாச்சு. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பாத்துட்டுக் கிளம்பணும்னு இந்த மாப்பிள்ளை வீட்டுல கறாரா சொல்லியிருந்தாங்க. நான் கெஞ்சிக் கூத்தாடி மூணு மணிக்குப் பர்மிஷன் வாங்கி வச்சிருந்தா, சரியா ரெண்டே முக்காலுக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து உக்காந்தாங்க. முகூர்த்தப் புடவையாம்.

"பொண்ணு வரலையாம்மா?"ன்னேன்.

"அவளால வர முடியாது. நீ போட்டுக் காட்டு"ன்னாங்க அந்தம்மா.

ஒண்ணு, ரெண்டு, பதினஞ்சு புடவை ஆச்சு, மணியும் நாலாச்சு. சூப்பர்வைசர்கிட்ட "சார், நான் போகணும்"னா, "நல்ல பார்ட்டி, முடிச்சுட்டுப் போ"ங்கறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வருது. கடைசியா ஒரு அரக்குப் பட்டைத் தோள்ல போட்டேன். அந்தம்மா என்னைப் பாக்கவேயில்ல. எனக்குப் பின்னாடி இருந்த கண்ணாடியைப் பாத்து, "இதாங்க. அவளுக்குப் புடிச்சிருச்சு, சிரிக்கிறா பாருங்க"ன்னாங்க. திரும்பிப் பாத்தா உர்ருனு என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. "இருந்திருந்தா இந்த மாசம் கல்யாணம்"னு அந்தப் புருஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அவங்களை பில் போட்டு அனுப்பிட்டு, பெருங்களத்தூர்ல எங்க வீட்டுக்கு ஓடி வந்தப்ப மணி அஞ்சு. வாசல்ல ஒரு செருப்பு இல்ல. எல்லாம் போச்சுன்னு அம்மாவைக் கட்டிக்கிட்டு அழறேன், அம்மாவோ சிரிச்சுக்கிட்டே, "என்னடி கூத்து? காபி குடுத்துட்டு எங்க போய்த் தொலைஞ்ச? உன்னைப் புடிச்சுப்போச்சாம், தட்டு மாத்திக்கலாம்னுட்டாங்க. அதுக்குள்ள ஏன் புடவையை மாத்தின? ஆமா, அந்த அரக்குப் பட்டு ஏதுடி?"ங்குது.

நம்பினா நம்புங்க. நான் வீட்டுக்கே வரலன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். "வாயை மூடு, கல்யாணம் நின்னுடும்"னு அம்மா அதட்டுச்சு. எனக்கும் பயம், மூடிக்கிட்டேன்.

அவரைத்தான் கட்டிக்கிட்டேன். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கும் ஏதாவது சண்டையில நான் கத்தினா, மனுஷன் கோவப்படாம, "அன்னிக்குக் காபி குடுக்கறப்ப யாருக்கும் கேக்காம எங்கிட்ட ஒண்ணு சொன்னியே, அதுக்காகத்தான் உன்னைப் பொறுத்துக்கிறேன்"ம்பார். என்ன சொன்னேன்னு அவர்கிட்டயே நான் எப்படிங்க கேக்கறது?