இலவச சி.டி. துடைத்த பாட்டுகள்

செங்கம் சாலையில் ஆசிரமத்தை நெருங்குவதற்குள் பலமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் அக்காவின் ஸ்கூட்டியாகவே கேட்டது. தோளில் ஒரு பை. அதில் சட்டை, லுங்கி, பல்பொடி. வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் புகுந்து நடந்தே வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் தெரிந்த முகம் எதிர்ப்படும். செங்கம் வரை நடந்து, அங்கே லாரி பிடித்து பெங்களூர் போய்விடுவதாக எண்ணம். அதற்கு முன்பும் ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். வேலை பிடிக்காமல், சோறு பிடிக்காமல். பயந்து கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அக்கா என்று நான் சொல்வது என் முதலாளியை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். மனு, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் தட்டித் தருவோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எங்கோ ஓர் ஊரில் கற்ற தமிழ் டைப்ரைட்டிங் சோறு போட்டது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அக்கா என்னைவிடக் கொஞ்சம் வேகமாக எழுத்துக்கூட்டுவார்.

கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்து வந்துவிடலாம். குப்பையைத் துடைத்து வேகம் கூட்டும் மென்பொருள் என்று ஒரு சி.டி. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்திருந்தது. அன்று மதியம் அதை ஓடவிட்டோம். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, தேவையில்லாதவை என்று ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது.

"இன்னாக்கா இது, பஸ் நம்பர் மாதிரி இருக்குது?" என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா? நாம வெச்ச பேரு எதனா இருக்குதா பாரு."

"இல்லக்கா."

"அப்புறம் இன்னா. நம்முது இல்லன்னா குப்பதான். அழி."

நிச்சயமா, நிச்சயமா என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது. "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேட்டதையே கேக்குது பாரு," என்று அக்கா சிரித்தார். நான் அமுக்கிக்கொண்டே போனேன். அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடிய வேகத்தைப் பார்த்து, கடையை என்னிடம் விட்டுவிட்டு அக்கா சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அச்சுக்குப் போகவேண்டிய ஒரு புத்தகம் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவருடையது. மனைவி நோயில் கிடந்தபோது, பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வந்து ஒரு பாட்டு எழுதுவதாக வேண்டிக்கொண்டவர். மனைவி எழுந்து நடமாடிவிட்டார். பாட்டுகளைப் புத்தகமாக்கித் தீபத்தன்று இலவசமாகக் கொடுப்பது வேண்டுதலின் மிச்சம். சரிபார்த்து முடித்த அன்று, கையால் எழுதிய தாள்களையெல்லாம் வாங்கிப் போய் ஏரியில் விட்டுவிட்டார். சாமி பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. "எழுதின பாட்டு எனக்கே ஞாபகம் இருக்காதுப்பா, இனிமே எல்லாம் உன் பொட்டிலதான்," என்று போகும்போது என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் சதவீதக் குறியும்தான் இருந்தன. ஒரு தமிழ் எழுத்து இல்லை. வேறு கோப்புகளும் அப்படியே. திரும்பத் தட்டலாம் என்றால் எதைப் பார்த்துத் தட்டுவது? கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

இப்போது மலை வலப்பக்கமாகக் கூடவே வந்தது. அதற்கு நேர்ந்துகொண்டு ஒருவர் எழுதியதை அழித்துவிட்டு அதன் அடியிலேயே நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

தண்ணீர் கேட்பதற்காக ஒரு பிரவுசிங் சென்டரில் ஏறினேன். மலேசியாவிலிருந்து வந்த தமிழர் ஒருவர் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்திருந்தார். அவர் திரையில் அதே கிறுக்கல். நான் அழித்தது இங்கேயும் பரவிவிட்டது என்றே நினைத்தேன்.

"புது மிஷின்ல உக்காந்துட்டீங்க சார், தமிழ் எழுத்து ஃபாண்ட் போடல," என்று கடைக்காரர் வந்து எதையோ இறக்கினார். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கத் தமிழ்.

"அண்ணா, எழுத்து எங்க போயிருந்துச்சு?" என்றேன்.

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்குது. சட்ட இல்லாத ஆளு மாதிரி, அடையாளம் தெரியல, அவ்ளோதான்." என் முகத்தைப் பார்த்தார். "ஏம்பா, அழிச்சிட்டியா? எதுல அடிச்சியோ அதே ஃபாண்ட் வேணும். வேற போட்டா வேற கிறுக்கலா வரும்."

நாங்கள் தினமும் தேர்ந்தெடுத்த ஃபாண்டுக்குத் திரையில் ஓர் ஆற்றின் பெயர். கோப்பாகக் கிடக்கும்போது அதற்கு வேறொரு பெயர் உண்டு என்பது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது; அந்தப் பெயரைத்தான் பஸ் நம்பர் என்று அழித்திருந்தோம். ஆற்றின் பெயரைச் சொன்னேன். அவர் தேடி எடுத்து ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். "இது அதுவா, அதோட தம்பியான்னு போட்டுப் பாத்தாதான் தெரியும். ஃப்ளாப்பிய ஜாஸ்தி நம்பாத."

அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். போய்ச் சேர்ந்தபோது டீக்கடை மூடியிருந்தது, சாவி கிடைக்கவில்லை.

காலையில் நான் போனபோது அக்காவும் அந்த விவசாயியும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. விவசாயியின் மடியில் ஒரு பை வேர்க்கடலை.

"மலை இங்கிலீஷ் கத்துக்கிச்சாம்மா?" என்று அவர் கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"எங்கப்பா போய்ட்ட நீ?" என்றார் அக்கா. நான் ஃப்ளாப்பியைச் செருகினேன். அது கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. மூவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஃபாண்டை இறக்கி, கோப்பை மூடித் திறந்தேன். பாட்டுகள் இருந்தன.

விவசாயி உதடு அசைய முதல் பாட்டைப் படித்தார். பிறகு பையை இறக்கி வைத்தார்.

"கொஞ்ச நேரம் முன்ன இல்ல, இப்ப இருக்குது. நாளைக்கு?"

அக்கா மேஜையில் கிடந்த இலவச சி.டி.யை எடுத்துப் புரட்டினார்.

"நீ அச்சடிம்மா. ஆனா எனக்குக் கையெழுத்துல ஒண்ணு வேணும். என் கை இப்பலாம் நடுங்குது." என்னைப் பார்த்தார். "நீ எழுதித் தரியா? அந்த சி.டி.யும் குடு, கொல்லையில கட்டி வெக்கிறேன். குருவியாவது பயப்படட்டும்."

அன்று காலை நான் ஏற்ற வேலை அதுதான். விவசாயி பக்கத்துக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். அக்கா பேனா கொடுத்தார். முதல் பாட்டைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன், இன்னும் இருக்கிறதா என்று.