மேஜை விளக்குக்குக் குளிரூட்டியவர்

வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. உள்ளே இருபத்தாறு இருக்க வேண்டும். ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்தின் ஏசிக்காரர், பத்தொன்பது வருடமாக இந்த மாதிரி இரண்டு எண்களுக்கு நடுவில் மத்தளமாக இருக்கிறார்: இரண்டு பக்கமும் இடி.

இந்த மே மாதம் மேலாளரிடமிருந்து மூன்றாவது இடியும் விழுந்தது. ஜூன் முடிவதற்குள் கட்டடத்தின் மின்செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். இல்லாவிட்டால் பராமரிப்பு வேலை வெளியாட்களுக்குப் போய்விடும். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஆறு வருடம் பாக்கி.

ஃபில்டர் எல்லாம் கழுவினார். ஆளில்லாத அறைகளில் ஏசியை அணைத்தார். எல்லா மாடியையும் இருபத்தாறில் வைத்தார். மீட்டர் என்னவோ ஏறியது.

குற்றவாளி மூன்றாவது மாடி, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு. போய்ப் பார்த்தால் பாதிப் பேர் ஸ்வெட்டரில் இருந்தார்கள். சுவரில் வெப்பம் பார்க்கும் சின்னப் பெட்டிக்கு நேர் கீழே ஒரு மேஜை விளக்கு, குண்டு பல்போடு, அதன் மூஞ்சியில் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி பாவம், மாடியே வேகிறது என்று நம்பி இயந்திரத்தை ஓயவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது.

"இந்த விளக்கு எதுக்கு மேடம்?"

"சுவர் இருட்டா இருக்குல்ல," என்றார் பிரிவுத் தலைவி.

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"அண்ணே, இருபத்தாறுன்னு அந்தப் பெட்டி சொல்லும். அது நிழல்ல தொங்குது. என் நாற்காலியில உக்காந்து சொல்லுங்க பாப்போம்."

மேற்குக் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தார். நாலு நிமிடத்தில் இடது காது கொதித்தது. இத்தனை வருடமாகக் காற்றைத்தான் அளந்திருக்கிறார். ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

வீட்டில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே மனைவி ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தார். அன்று சாயங்காலம் ஏசிக்காரர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க வாங்கின?"

"ஏழு வருஷமா இதைப் பாத்து சிரிச்சவர்தானே நீங்க? இப்ப எத்தனை வேணும்?"

"பதினெட்டு."

"அப்ப பதினெட்டு தடவை மன்னிப்புக் கேளுங்க, கடையைச் சொல்றேன்."

மறுநாள் தட்டி யோசனையைக் கேட்டு மேலாளர் முகம் சுளித்தார். "கட்டடமா, கோழிக்கூண்டா?"

"உள்ள விட்டுட்டுத் துரத்துறதுக்கு, வெயில வாசல்லயே நிறுத்திடலாம் சார்."

"ஒரே ஒரு மாடி. அதோட சரி."

கண்ணாடி துடைப்பவர்களின் தொங்கு மேடையில் ஏறி, பதினெட்டுத் தட்டிகளையும் வெளிப்பக்கமாகக் கட்டினார். நாலாம் நாள் பிரிவுத் தலைவியே தேடி வந்தார்.

"அண்ணே, ரொம்பக் குளிருது."

"விளக்கை அணைங்க மேடம்."

அணைத்தார். கூடவே ஒரு புகார் மனுவும் எழுதிப் பிரிவு முழுக்கக் கையெழுத்து வாங்கி மேலாளருக்கு அனுப்பினார்: மற்ற மாடிகளுக்கு ஏன் தட்டி இல்லை? புகார் எழுதும் கலையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் முப்பதாம் தேதிக் கணக்கில் அந்த மாடியின் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது சதவீதம்தான். மேலாளர் மனுவையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செப்டம்பர் வரை கெடு நீட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்தாம் மாடியில் தட்டி கட்டுகிறார்கள். முதலில் மேலாளர் அறைக்கு.