இடது இருக்கையில் யாரும் இல்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆவி, ஆத்மா என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் வைக்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான், இந்த ஒன்றைத் தவிர.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் எங்களுக்குக் கல்யாண அலங்காரக் கடை இருக்கிறது. நானும் மனைவி சுகந்தியும் அவளுடைய தம்பி ரவியும் சேர்ந்து நடத்துகிறோம். மணவறையும் மாலையும் நாங்கள் கொடுத்தாலும், வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை பொம்பிளை போகத் திறந்த கார் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். 2012இல் பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன நகரத்தில் அப்படி ஒன்று ஏலத்துக்கு வருவதை ரவி கண்டுபிடித்தான். கூரையை மடக்கக்கூடிய பழைய இங்கிலாந்துக் கார், பால் நிறம், என்னைவிட வயது கூட, ஆனால் அதிகம் ஓடாதது. கதவைத் திறந்தால் புதுத்தோல் வாசம் அடித்தது என்றால் பாருங்களேன். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பிரெஞ்சு வியாபாரிகள் பெரிதாகக் கை தூக்கவில்லை. கார் எங்களுக்கே விழுந்தது.

இங்கே வீதியின் வலப்பக்கமாக ஓட வேண்டும். ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருந்தால், முன்னால் போகும் பெரிய வாகனத்தைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. இடது இருக்கையில் ஒருவர் இருந்து பார்த்துச் சொன்னால்தான் முந்தலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. நானும் ரவியும் வந்த வான் வண்டியை அவன் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமே.

"அத்தான், ஒருத்தரையும் முந்தாதையுங்கோ. நான் பின்னாலை வாறன்," என்றான் ரவி.

"ஓம், எனக்குத் தெரியும். நீ அவசரப்படாமல் ஆறுதலா வா," என்றேன்.

நல்ல வெயில், குளிர் காற்று. ஆசைக்குக் கூரையைத் திறந்துவிட்டுத்தான் கார் ஓடினேன். அறுவடைக் காலம், இரண்டு பக்கமும் சர்க்கரை எடுக்கிற சீனிக்கிழங்கு வயல். கொஞ்சத் தூரத்தில் கிழங்கு ஏற்றிய ட்ரக்டர் ஒன்று முன்னால் அகப்பட்டது. ஊர்கிறது, விலகவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டன, எனக்கும் பொறுமை போய்விட்டது. இவ்வளவு நேரமும் எதிரே ஒன்றும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு காரை இடப்பக்கம் வெளியே எடுத்து அக்ஸிலரேட்டரில் காலை வைத்தேன்.

"பொறு."

இடது இருக்கையில் இருந்து வந்தது. பெண் குரல். அதட்டல் இல்லை, பக்கத்தில் இருந்து வழக்கமாகச் சொல்லுகிற ஒருத்தி கொஞ்சம் சலிப்போடு சொன்னதுபோல இருந்தது. காற்று காதில் அறைகிறது, ட்ரக்டர் வேறு இரைகிறது, அதற்குள்ளும் கதவு பூட்டிய அறைக்குள் பேசியதுபோல அவ்வளவு தெளிவு. யோசிக்கவே இல்லை, பிரேக்கை மிதித்துக் காரை உள்ளே எடுத்துவிட்டேன். அடுத்த கணம் எதிரே ஒரு பெரிய லொறி உரசுவதுபோலப் போனது. அது அடித்த காற்றில் கார் ஒருமுறை ஆடியது.

பக்கத்தில் பார்த்தேன். யாரும் இல்லை.

அதற்குப் பிறகு, நம்பமாட்டீர்கள், "இப்ப போ," என்றது அதே குரல். நானும் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு விளங்கவில்லை. பயந்து நிற்காமல், எதிரே பார்க்கவும் செய்யாமல், ட்ரக்டரை முந்திக்கொண்டு போனேன். வீதி வெறுமையாகக் கிடந்தது.

முதலில் வந்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். ரவி ஓடிவந்தான்.

"அந்த லொறியை எப்பிடி அத்தான் கண்டனியள்?"

"நான் காணேல்லை."

"பிறகேன் உள்ளுக்கை எடுத்தனியள்?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. காரைச் சுற்றிப் பார்த்தான், இடது இருக்கையைத் தொட்டுப் பார்த்தான், பிறகு கோப்பி வாங்கிவந்து கையில் தந்தான்.

லா சப்பலுக்கு வந்து கடை வாசலில் நிறுத்தியதும் சுகந்தி கார் பார்க்க வெளியே வந்தாள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. "என்னப்பா இது, சனமெல்லாம் பாக்குது," என்றாள். பார்க்கட்டும் என்று நின்றேன். அந்த வீதியின் சத்தமும் சாம்பிராணி வாசமும் அன்றைக்குப்போல எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

ஏலக்காரருக்கு போன் எடுத்தும் கேட்டேன். காருக்கு ஒரே சொந்தக்காரர், ஆங்கிலேயர், கல்யாணம் செய்யாதவர், எப்போதாவது தனியாகவே அதை ஓடியவர், வயதாகிப் படுக்கையில் இறந்தார். விபத்தும் இல்லை, பெண்ணும் இல்லை. கார் இன்றும் எங்களிடம்தான். எத்தனையோ கல்யாணப் பொம்பிளைகள் அதில் ஏறிப் போயிருக்கிறார்கள். அந்தக் குரல் பிறகு வரவே இல்லை. எனக்குப் பயமும் இல்லை, யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கு இப்போது "பொறு" என்று சொன்னேன். பிரெஞ்சுக்காரருக்குச் சொல்லும்போது பிரெஞ்சில் சொல்லுவேன், அதுவும் அப்படியே பொருந்துகிறது. குரலும் நினைவிருக்கிறது, அந்தச் சலிப்பும் நினைவிருக்கிறது. அவள் எந்த மொழியில் சொன்னாள் என்பது மட்டும், எவ்வளவு யோசித்தும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.