நடுவுக்குக் கொண்டு வாங்க, மாப்பிள்ளை

ஓடிப்போகவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாய் அல்லவா, அதை முதலில் எழுது. என் மாப்பிள்ளை ஓடிப்போகவில்லை, நடந்து போனார். தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டு, வேலைக்குப் போனார். கீழ்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்கிற கதையில், மாமியார் கொடுமை தாங்காமல் மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். மாவு மில்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய், நான் அவரைக் குடையால் அடித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறாராம். குடை என் கைக்கு வந்ததே இல்லை. அது எப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். அதில் பாதிக்கு மேல் உண்மையாகத்தான் இருக்கும். அவரைக் கோழை என்று சொன்னால் மட்டும் விடமாட்டேன்.

அவர் பதினேழு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். எட்டு மாடி ஆபீஸ் கட்டடம், கைப்பிடி வைத்த பழைய லிஃப்ட். ஏறுகிறவர் "அஞ்சு" என்பார். இவர் ஐந்தாம் மாடித் தரையும் லிஃப்ட் தரையும் மயிரிழை பிசகாமல் சேருகிற இடத்தில் நிறுத்துவார். யாரும் சொல்லாவிட்டால் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றுகொண்டே இருப்பார். மேலே போவார், கீழே வருவார்; முன்னே பின்னே போன மனிதர் அல்ல. பிறகு, பொத்தானை அமுக்கினால் தானாகப் போகிற லிஃப்ட் வந்தது. "அந்த ஸ்டூலையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்டூலோடும் என் மகளோடும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த வாரமே தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது: 'லிஃப்ட்டு'. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டம் கூடவே இலவசம். கடைக்குப் போனால் நாலு பேர் இருக்கிற நேரத்தில் போகமாட்டார். ஆள் ஓய்ந்த பிறகு போய், கேட்டதை வாங்கிக்கொண்டு, குனிந்த தலையோடு வருவார்.

அந்த லிஃப்டில் பல வருஷம் ஏறி இறங்கிய ஒரு லாரி ஆபீஸ் மேனேஜர் அவரை மறக்கவில்லை. "பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக ஒரு வண்டியை நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். அன்று வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை இரண்டு முறை கை கழுவினார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான்.

கட்டடத்து முதலாளியின் காரை நகர்த்தி நிறுத்திய பழக்கம் இருந்ததால் சின்ன வண்டி லைசென்ஸ் ஏற்கெனவே உண்டு. பயிற்சி லாரியிலும் கியரை மேலே ஏற்றுவது வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல வந்துவிட்டது. இறக்குவதுதான் வரவில்லை. அது பழைய காலத்து கியர் பெட்டி. க்ளட்ச்சை அமுக்கி, கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, க்ளட்ச்சை விட்டு, எஞ்சினை ஒருமுறை உறும வைத்து, மறுபடி அமுக்கி, அடுத்த கீழ் கியரைப் போட வேண்டும். இத்தனையும் செய்யாவிட்டால் உள்ளே பல்லும் பல்லும் மோதிக் கரகரவென்று அலறும். டெஸ்ட்டில் இறக்கத்தில் போகும்போது ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று என்று சத்தமில்லாமல் இறக்கிக் காட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் தெரியாத விஷயத்தில் யோசனை சொல்வதற்கு எனக்கு இணையான ஆள் இந்தத் தெருவில் கிடையாது.

"வீட்டுலயே பழகுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் தன் ஸ்டூலைச் சமையலறையில் போட்டார். காலடியில் மூன்று பழைய செருப்பு: க்ளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். பக்கத்தில் அரிசி டின். அரிசிக்குள் குடையை நட்டுவைத்தார். அதன் வளைந்த பிடிதான் கியர். அரிசி நல்ல குணமுள்ள கியர் பெட்டி. எப்படிப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், கரகரக்காது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

"அத்தை, வரிசை மறந்து போகுது. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றார். பதினேழு வருஷம் யாராவது சொன்ன பிறகே கையை அசைத்த மனிதர் அல்லவா? மகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பகலில் வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். வரிசையை மனப்பாடம் செய்துகொண்டேன்.

"க்ளட்ச்சை அமுக்குங்க, மாப்பிள்ளை. நடுவுக்குக் கொண்டு வாங்க, மாப்பிள்ளை. காலை எடுங்க, மாப்பிள்ளை. கொஞ்சம் உறும விடுங்க, மாப்பிள்ளை. திரும்ப அமுக்குங்க, மாப்பிள்ளை. நாலைப் போடுங்க, மாப்பிள்ளை."

பெண் கொடுத்துப் பன்னிரண்டு வருஷம். அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, மொட்டையாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. மரியாதையில் குறை வைப்பேனா? ஒவ்வொன்றையும் நிறுத்தி, நிதானமாக, விருந்துக்கு அழைக்கிற மாதிரி சொன்னேன். அவரும் அதே நிதானத்தில் செய்தார். பார்க்கவே அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் தேறிவிட்டார் என்று நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

டெஸ்ட்டில் முதல் இறக்கத்திலேயே லாரி அலறிய அலறலில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டாராம். பெயில். மறுபடி வர இருபத்தெட்டாம் தேதி கொடுத்தார்கள். அதற்குப் பதினொரு நாள். அதிலும் தவறினால் மாசக் கடைசி போய்விடும், லாரி ஆபீஸ் வண்டியும் போய்விடும்.

அன்று அவர் கை கழுவவே இல்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வண்டி கோணல் என்றேன். மறுநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டேன்.

அங்கே சொல்லிக்கொடுப்பது டிப்பர் ஓட்டிய ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஓட்டை வண்டியைக் குடுத்துட்டு எங்க வீட்டுப் பிள்ளையை பெயிலாக்கிட்டீங்களே, நியாயமா?" என்றேன்.

"இதே வண்டியில நேத்து ரெண்டு பேர் பாஸ் பாட்டி. ஏறுங்க, நீங்களே பாருங்க."

படி இடுப்பு உயரம். மாஸ்டர் மேலிருந்து இழுக்க, மாப்பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மூட்டை ஏறுகிற மாதிரி ஏறினேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மைதானத்துக்குப் பின்னால் சரிவுப் பாதை. மாப்பிள்ளை ஐந்தாம் கியரில் இறங்கினார். உதடு அசைந்தது. எஞ்சின் உறுமியது, உறுமல் தணிந்தது, நன்றாக அடங்கிய பிறகு அவர் கை கியரைத் தள்ளியது. கரகரவென்று என் கட்டின பல்லே ஆடிவிட்டது.

"சார், யாரு அந்த மாப்பிள்ளை?" என்றாள் மாஸ்டர்.

"எந்த மாப்பிள்ளை?"

"வாய்க்குள்ளயே கூப்பிடறீங்களே. ஒரு கியருக்கு ஆறு தடவை. அவர் வந்து சேர்றதுக்குள்ள எஞ்சின் அடங்கிடுது."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அது நான்தான்" என்றார் மெல்ல.

"எது?"

"மாப்பிள்ளை. நான்தான்."

நான் முன் கண்ணாடி வழியே, அங்கே இல்லாத ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் டாஷ்போர்டில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"பாட்டி, வீட்டுல எவ்வளவு மரியாதை வேணும்னாலும் குடுங்க. இந்தப் பெட்டிக்கு வேண்டாம். உறுமல் அடங்கறதுக்குள்ள கியர் விழணும். நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எஞ்சின் தூங்கி எழுந்து பல்லே விளக்கிடும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடுத்தது என் வாய், கெட்டது அவர். வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததில் அவர் பயந்துபோய், "உடம்புக்கு ஏதாவது செய்யுதா அத்தை?" என்று மூன்று முறை கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அத்தை, என்னை வா போன்னு சொல்லுங்க."

"அது மட்டும் முடியாது மாப்பிள்ளை."

"பத்து நாள்தான் இருக்கு அத்தை. இதுவும் போச்சுன்னா நான் அந்தத் தெருவுல எப்படி இறங்குவேன்?"

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "அமுக்கு" என்றேன். காற்றுதான் வந்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்று சொன்னேன். பாதி வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மறைத்துக்கொண்டு சொன்னேன். வந்துவிட்டது. வந்தது வந்தது, பிறகு நிற்கவில்லை.

"அமுக்கு. நடு. விடு. உறுமு. அமுக்கு. போடு. தூங்காதே, போடு!"

குழாயை மூட மறந்துவிட்டேன். ஜன்னலையும்தான். எழுபத்திரண்டு வயதுவரை நெஞ்சுக்குள் இப்படி ஒரு குரலை வைத்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. தையல் மெஷின் நின்றது. மாவு மில்காரர் மாடிக்கு வந்து துணி காயப்போட்டார். அவர் துணி காயப்போட்டு நான் பார்த்ததே இல்லை. பத்து நாளும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஒருநாள் தட்டை வைத்துவிட்டு "உட்காரு" என்றேன். மாப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்துவிட்டார். மகள்தான் கரண்டியும் கையுமாக நின்றாள். "அம்மா, அது லாரி இல்ல" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி டெஸ்ட் மைதானத்து வேலிக்கு வெளியே நான் நின்றேன். வண்டி சரிவின் தலைக்கு வந்தது. அமுக்கு என்றேன், வாய்க்குள். உறுமல் கேட்டது, உடனே அதைவிடக் கனமான இன்னொரு உறுமல். நடுவில் எதுவும் கரகரக்கவில்லை. மறுபடி அதே மாதிரி. ஐந்து, நாலு, மூன்று. அடிவாரத்தில் வண்டி நின்றபோது நான் இன்னும் "நடு" என்ற இடத்திலேயே இருந்தேன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவரிடம், "என் குரல் ஞாபகம் இருந்துச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். பெருமைதான், வேறென்ன.

"முதல்ல கேட்டுச்சு அத்தை. அப்புறம் எஞ்சின் சத்தம்தான் கேட்டுச்சு. அது சொன்ன மாதிரி போட்டேன்."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் வலித்தது, ஒத்துக்கொள்கிறேன். பத்து நாள் தொண்டை கிழியக் கத்தியது நான், பேர் வாங்கியது எஞ்சின். பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். யாரும் மாடி எண் சொல்லாமல் அந்த மனிதர் தானாகக் கையை அசைத்தது அதுதான் முதல் தடவை. வலி அங்கேயே இறங்கிவிட்டது.

அவர் போன நாளையும் எழுது. மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது. காலை ஆறு மணி. இருபது நாள் ஓட்டம், மூன்று ஊருக்குச் சரக்கு. மகளுக்கு அந்த வாரம் இரவு வேலை, இன்னும் வந்து சேரவில்லை. முந்தின நாளே சொல்லிக்கொண்டாகிவிட்டது. அவர் பையை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அத்தை" என்று படியிறங்கினார். உள்ளே வந்து பார்த்தால் மேஜைமேல் லைசென்ஸ். அதை வாங்கத்தானே இத்தனை பாடு. அவர் தெருமுனை திரும்புவதற்குள் மூன்று மாடி இறங்க என் முழங்காலுக்கு யோக்கியதை இல்லை. அவருடைய பழைய சட்டையில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"நில்லு! பிடி!"

தெரு முழுவதும் நின்றது. தையல்காரி வாசலில் வாளியோடு நின்றாள். மூட்டை அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் எடுத்தார், பிரித்தார், லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்தார். "எங்க காலங்காத்தால?" என்று தையல்காரி கேட்டிருக்கிறாள். அவர் "கிளம்பிட்டேங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பாதித் தெரு பார்த்துக்கொண்டிருக்க, நடு வீதியில், நிமிர்ந்த தலையோடு நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டும். திரும்பிப் பார்த்து நின்றிருந்தால் மறுபடி நானே கத்தியிருப்பேன்.