வருகை மண்டபத்தில் ஒரு நிரை கொழுந்து

கட்டுநாயக்க விமான நிலையத்தில் விரிவாக்கிக் கட்டிய வருகை மண்டபத்தில் முதன்முதலாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர் என் அம்மா. கடைசியாகப் பறித்தவரும் அவரே. இந்தச் சாதனை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. அன்று அதே மண்டபத்தில் நின்றிருந்த நானோ அதைச் சாதனையாகவே கருதவில்லை. மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது விமானமேறிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மடுல்சீமையில் பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து மேலும் அரை மணி நேரம் ஏறி நடந்தால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். விமானம் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே வானத்தில் யாரோ சுண்ணக்கட்டியால் இழுத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோடு மட்டுமே. ஆயினும் அந்த ஆண்டு பதுளையில் நடந்த பாடசாலைப் பேச்சுப் போட்டியில், 'விரியும் வானூர்தி நிலையம், வளரும் தாய்நாடு' என்ற தலைப்பில் முதற்பரிசு பெற்றவள் நான். ஓடுபாதையைப் பற்றியும், விமானத்தின் வாசலோடு வந்து பொருந்தும் கண்ணாடிப் பாலத்தைப் பற்றியும், பயணப் பொதிகளைத் தானே சுமந்து வரும் பட்டியைப் பற்றியும் ஐந்து நிமிடம் முழங்கினேன். அவற்றில் ஒன்றையும் நான் கண்ணால் கண்டதில்லை. நடுவர்களும் கண்டிருக்க மாட்டார்கள் என்ற துணிவு எனக்கு இருந்தது.

ஒத்திகை நடந்த இடம் லயத்துத் தண்ணீர்க் குழாயடி. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள்தான் என் முதல் அவையோர். நான் கையை விரித்ததும் அத்தை கூவுவார்: "ஏய், ஒதுங்குங்கடி, பிளேன் எறங்கப் போகுது!" குழாயடியே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். நிரம்பிய குடத்தை எடுக்க மறந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படியிருக்க, அந்த விமான நிலையமே எங்கள் தோட்டத்தைத் தேடி வந்தது. புதிய மண்டபத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் கண்ணில் முதலில் ஒரு சிறு தேயிலைத் தோட்டம் பட வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அலங்கார வேலையை எடுத்திருந்த நிறுவனத்தார், பெரிய தொட்டிகளில் வளர்ந்த முப்பது தேயிலைச் செடிகளும், அவற்றினிடையே நிற்க ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணும் வேண்டும் என்று தோட்டத்து அலுவலகத்தில் கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வந்து எல்லாப் பெண்களையும் படம் பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் பெயர் வந்தது. எங்கள் மலையில் அம்மாவின் கைவேகத்துக்கு ஈடில்லை; ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது முகத்தை. பெயரோடு ஒரு செய்தியும் வந்தது. திறப்பு விழா நன்றாக அமைந்தால், அம்மாவுக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும். பக்கத்திலேயே வீடும் கொடுப்பார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்ட கணத்திலேயே நான் மனத்தளவில் மடுல்சீமையைக் காலி செய்துவிட்டேன். விமானங்கள் தலைக்கு மேல் உறுமும் ஊரில் வீடு, அந்த ஊர்ப் பாடசாலை, அங்கே எனக்கென ஒரு மேடை! எல்லாம் ஒரே ஒரு காலைப்பொழுதை நம்பி இருந்தன. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க நானும் போக வேண்டும் என்று முடிவானது. அதுவும் என் முடிவுதான். அப்பா மறுக்கவில்லை. "பேசத்தானே போற, போய்ட்டு வா. ஆனா எல்லாத்தையும் நீயே பேசிறாத, ஒங்கம்மாவுக்கும் ரெண்டு வார்த்த மிச்சம் வையி" என்றார்.

நிறுவனம் அனுப்பிய வேனில் விடியற்காலையில் புறப்பட்டோம். பெரகலை இறக்கத்து வளைவுகளில் அம்மா குமட்டலுக்குத் தேசிக்காயை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. சமவெளியும் வெக்கையும் தென்னையும் வந்தன. பிற்பகலில், தூரத்தில் மஞ்சள் நிறப் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. நான் எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

என் பேச்சில் சொன்ன அத்தனையும் அங்கே உண்மையாக இருந்தது! தூண்களின்மேல் பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றுபோன மேம்பாலச் சாலை. கம்பிகள் மயிர்க்கூச்செறிந்தாற்போல் நின்ற புதிய சுவர்கள். மண்ணைக் கொட்டி இறுக்கி, மலையே இல்லாத பூமியாக விரிந்துகிடந்த புதிய விமானத் தரிப்பிடம். தலைக்கவசம் அணிந்த தொழிலாளர் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் ஒரு விமானம், கோயில் தேர் அசைவதுபோல் மெல்ல அசைந்து வந்து, திடீரென்று வெறிகொண்டு ஓடி, எழுந்தே விட்டது. நான் கத்தினேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்புட்டுப் பாரமும் எப்பிடி பாப்பா எந்திரிக்குது?" என்றார். என் பேச்சில் அதற்கு விடை இல்லை. "விஞ்ஞானம்மா" என்றேன்.

மறுநாள் இருட்டோடு எழுந்து, வந்தவர்கள் தங்கும் அறையில் மலையில் சேலைமேல் சுற்றும் படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார் அம்மா. "பெரட்டு எத்தன மணிக்காம்?" என்று கேட்டார். மலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு விமான நிலையத்தில் கிடையாது என்று நான் பெரிய மனுசிபோல் விளக்கினேன்.

மண்டபம் இன்னும் வண்ணப்பூச்சு மணத்தது. தரை தண்ணீர்போல் மின்னியது. நடுவே, வட்ட வட்டமாக அடுக்கிய முப்பது தொட்டிகள். தோட்டத்திலிருந்து துளிர்க்கும் நாளறிந்து அனுப்பிய செடிகள்; இளங்கொழுந்து பொன்பச்சையாகத் துளிர்த்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய இளம் அதிகாரி ஒருவர் வந்து சிங்களத்தில் விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

"கூடைய மாட்டிக்கிட்டு நிக்கணுமாம். கூடைக்குள்ள பிளாஸ்டிக் கொழுந்து போட்டிருக்காங்களாம். ஆள் வந்தா, பறிக்கிற மாதிரி கைய செடிமேல வச்சு சிரிக்கணுமாம். ஆனா ஒரு எல கூட பறிக்கக் கூடாதாம்."

"சரி" என்றார் அம்மா.

விருந்தினர்கள் வரத் தாமதமானது. அதிகாரி கம்பளத்தையும் நாடாவையும் பார்க்க ஓடினார். அம்மா கூடையோடு நின்றார். வெள்ளோட்டமாகப் பயணப் பொதிப் பட்டியை ஓடவிட்டிருந்தார்கள். யாருடையதும் அல்லாத ஒரே ஒரு பெட்டி அதில் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு இணையாக நானும் எத்தனை முறை நடந்தேன் என்பது எனக்கே தெரியாது. ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது இரண்டு துப்புரவுத் தொழிலாளிகள் அம்மாவைத் தங்கள் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா செடிமேல் கையை வைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. பிறகு நான் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டேன். வெளியே ஒரு விமானத்தின் வாசலோடு கண்ணாடிப் பாலம் உண்மையாகவே நகர்ந்து வந்து பொருந்துவதை, மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தேன்.

பரபரப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நாடா வெட்டப்பட்டு, கோட்டு அணிந்த ஒரு கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஓடி வந்த அதிகாரி, நடு மண்டபத்தில் கல்லாய் நின்றுவிட்டார்.

வட்டம் இல்லை. படம் எடுத்த துப்புரவுத் தொழிலாளிகள் கைகொடுத்திருக்க வேண்டும்; தொட்டிகள் அத்தனையும் நேர் நிரைகளாக நகர்த்தப்பட்டு, நடுவே ஆள் நடக்க வழி விடப்பட்டிருந்தது. பொன்பச்சையும் இல்லை. முப்பது செடிகளும் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளப்பட்டு, கரும்பச்சையாக, மேசைபோல் ஒரே மட்டமாக நின்றன. பிளாஸ்டிக் கொழுந்து ஒரு மூலையில் ஒழுங்காகக் குவிக்கப்பட்டிருந்தது. கூடையில் கிடந்தது அசல் கொழுந்து. கடைசித் தொட்டியின் கடைசிக் கிளையில் அம்மாவின் இரு கைகளும் பறந்துகொண்டிருந்தன.

கூட்டத்தின் முன்னால் வந்த நரைத்த மனிதர்தான் அங்கே எல்லோருக்கும் மேலானவர் என்பது மற்றவர்கள் குனிந்த குனிவிலேயே தெரிந்தது. அம்மா அவரைப் பார்த்துக் கூடையை இறக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்து, தோட்டத்தில் கேட்பதைப்போலவே கேட்டார்.

"தராசு எங்கங்க இருக்கு?"

மண்டபமே என்னைப் பார்த்தது. முதலில் சிங்களத்தில், பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அம்மா தராசு கேட்கிறார் என்று சொன்னேன். பிறகு நரைத்த மனிதர் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் கைதட்டினார். அந்தக் கைதட்டல் பரவியது. நான் தரையைப் பார்த்தேன். தரையிலும் அவர்கள்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு மினுக்கம். வேலை போயிற்று, வீடு போயிற்று, மேடை போயிற்று என்று எண்ணினேன்.

போகவில்லை! கூட்டம் நகர்ந்ததும் அதிகாரி எங்களிடம் வந்தார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. மேலிடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அம்மா இங்கேயே வரலாமாம். வாரம் ஒருமுறை புதுச் செடிகள் கொண்டுவருவார்களாம். நாள்தோறும் பயணிகள் பார்க்கப் பறிக்கலாமாம். விளையாட்டுக்கு ஒரு தராசும் வைப்பார்களாம். வீடு உண்டு, எனக்குப் பாடசாலை உண்டு. நான் குதித்துக்கொண்டே அவ்வளவையும் தமிழாக்கினேன்.

அம்மா கேட்டார்: "பறிச்ச கொழுந்த என்ன செய்வாங்களாம்?"

இதென்ன கேள்வி என்று தோன்றினாலும் கேட்டுச் சொன்னேன். அதிகாரி தோளைக் குலுக்கி, அங்கே பாருங்கள் என்று காட்டினார். ஒரு தொழிலாளி அம்மாவின் கூடையைக் குப்பைவண்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "முடியாதுன்னு சொல்லு பாப்பா" என்றார்.

ஒரே ஒரு சொல். பதுளை மேடையில் நடுங்காத என் நாவு அந்தச் சொல்லை மொழிபெயர்க்க மறுத்தது. அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, நல்ல சிங்களத்தில், அழகாகச் சொன்னேன்: "அம்மாவுக்கு மிகவும் மகிழ்ச்சி. அப்பாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்கிறார். நீங்கள் அழைத்தால் உடனே வந்துவிடுவோம்." அதிகாரி என் தலையைத் தடவினார். பக்கத்தில் நின்ற இரண்டு பெரிய மனிதர்களும் என்னைப் பாராட்டினார்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்ததும் நாங்கள் கட்டுநாயக்கவுக்குக் குடிபோவதாகக் குழாயடியில் அறிவித்துவிட்டேன். அத்தை, "போறப்ப மேல பறந்து போயிறாதடி, ஒரு கயித்தக் கீழ போடு, நாங்களும் தொத்திக்கிறோம்" என்றார். அம்மாவின் மனத்தை மாற்ற ஒரு வாரம் போதும் என்று நம்பினேன். வாதத்தால் மாற்ற முடியாத மனம் உண்டென்பதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தொலைபேசி ஒலித்தது. அதிகாரிதான். நான் பாய்ந்து வருவதற்குள், துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். பிறகு பேசினார். சிங்களத்தில். என்னைப்போல் இலக்கணச் சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. முடியாது மாத்தயா, அன்றைக்கே முடியாது என்றுதான் சொன்னேன், பிள்ளைக்கு ஆசை, மனத்தில் வைக்காதீர்கள் என்றார். வைத்துவிட்டார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒங்களுக்குச் சிங்களம் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி பண்டாரவளையில அஞ்சு வருசம் மரக்கறிக் கடையில நின்னேன். அங்க என்ன ஊமச்சியாவா நின்னேன்?"

"அப்ப அந்த ஆளு அன்னிக்குச் சொன்னதெல்லாம்?"

"வெளங்கிச்சு."

"நான் அவருக்குப் பதில் சொன்னது?"

"அதுவுந்தான்."

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப அங்கயே நீங்களே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சும்மா நின்னீங்க?"

அம்மா துணியை முறுக்கிப் பிழிந்தார். "அத்தன பெரிய மனுசங்க ஒன் வாயவே பாத்துக்கிட்டிருந்தாங்க. நீ அம்புட்டு அழகாப் பேசிக்கிட்டு நின்ன" என்றார்.

என் அழுகை அந்தக் கணமே நின்றுவிட்டது. மறுநாள் குழாயடியில், கட்டுநாயக்கவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம், அம்மா சொன்ன அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் திரிந்தேன். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.