உபயம்: ஒரு துண்டு நுரையீரல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருவொற்றியூர்க் கரையில் நாலு சவுக்குக் கட்டை நட்டு, தார்ப்பாய் கட்டி, ஃபைபர் படகு செய்ய ஆரம்பித்தேன். இரண்டு முறை புயல் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் முறை இரும்புத் தூண் போட்டேன். வரைபடம் படிக்கத் தெரியாமலேயே, கையால் முழம் போட்டு அளந்து படகு வார்க்கும் அச்சு செய்தேன். பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை என் படகு ஓடுகிறது. மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்க வைத்தேன். அம்மன் கோயில் டியூப்லைட்டில் பாதி என் உபயம். பெயரைப் பெரிதாக எழுதியதால் வெளிச்சம் குறைச்சல் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். செய்யட்டும். கொடுத்தவன் யாரென்று தெரிய வேண்டாமா?

போன வருடம் இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். பீடி குடித்தவன்தான், அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் காகிதக் கட்டோடு ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

“ஐயா, நாளைக்குக் கட்டியை எடுத்துடுவாங்க. டெஸ்டுக்குப் போக மிச்சம் இருக்கிற திசுவை ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா? விருப்பம் இருந்தா மட்டும்தான். வேணாம்னாலும் உங்க வைத்தியம் மாறாது.”

“திசுன்னா இன்னாமா?”

“சதைத் துண்டு ஐயா. இந்த நோய் எப்படி வருது, எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு பாப்போம். உங்களுக்கே பலன் கிடைக்கும்னு சொல்ல முடியாது. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம்.”

படுக்கையில் கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “தாராளமா எட்துக்கோ. டப்பா மேல உபயம்னு போட்டு, என் பேர கொட்ட எயுத்துல எயுதிடு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “பேர் போட மாட்டோம் ஐயா, நம்பர்தான். நீங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாது இல்ல?”

“ஏன் தெரியக்கூடாது? திருடிகினு வந்தா குடுக்குறேன்?”

ஸ்டூலில் இருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “கட்டிக்குக்கூட போர்டு மாட்டணுமாய்யா உனுக்கு? கையெயுத்த போட்டுட்டு கம்முனு கெட.”

போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் அடுத்த தாளைத் திருப்பினாள். என்ன வேலை, எத்தனை வருடம், தூசி, புகை ஏதாவது சுவாசித்தீர்களா?

“தூசியா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. கடக்கர காத்து, ஜம்முனு இருக்கும்.”

பொய். கிரைண்டர் வைத்துப் படகின் விளிம்பைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் கொட்டகை முழுக்க நிற்கும். எதிரில் இருப்பவன் முகம் தெரியாது. ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் பசையின் நெடி சாப்பாட்டில்கூட ஏறும். மாஸ்க் கேட்ட ஆளை, “நானே போடல, நீ இன்னா மினிஸ்டரா?” என்று விரட்டியவன் நான். அந்தக் கொட்டகையில் இன்றும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

என் மனைவி என் பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: “எங்கண்ணன் இந்தாளுகூடத்தான் தேச்சிகினு இருந்துச்சுமா. இருமி இருமியே பூட்ச்சு. இவரு ஊரெல்லாம் குடிச்சி செத்தான்னு சொல்லிகினு கீறாரு.”

மச்சான் குடிப்பான். நானும்தான் குடித்தேன். சாவு வீட்டுப் பந்தலில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் நான். அது அவள் காதில் விழுந்திருந்தது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். “தூசியாலதான் வந்துச்சுன்னு நாங்க சொல்லல ஐயா. தெரியாமத்தான் கேக்குறோம். பதில் தப்பா இருந்தா, நீங்க குடுக்குற துண்டு எங்களைத் தப்பான பக்கம் இழுத்துட்டுப் போயிடும்.”

அவள் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தேன். பிறகு, “அட்ச்சிட்டு வேற எயுதிக்கோமா” என்றேன். தூள், ரெசின், நாளுக்கு எத்தனை மணி நேரம், மாஸ்க் போடாதது, போட விடாதது எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் இருமலையும் சொன்னேன். “அவரைப் பத்தி இதுல எழுத இடமில்ல ஐயா” என்றாள். நான் முடிப்பதற்குள் என் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் கொட்டகைக்குப் போய் ஆறு பேரையும் நிற்க வைத்து எல்லாம் சொன்னேன். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மூன்று பேர் போடுகிறார்கள். மூத்தவன் கிரைண்டரை நிறுத்திவிட்டு, “அப்ப எங்களுக்கும் வருமா நைனா?” என்று கேட்டான். ஒரு மாஸ்க்கை எடுத்து நானே அவன் முகத்தில் மாட்டிவிட்டேன்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த நம்பருக்குப் பக்கத்தில் இது இருந்தாக வேண்டும்: கொடுத்தவன் படகு கட்டினவன், அந்தத் தூசி அவன் கொட்டகைத் தூசி, அதை மறைக்காமல் தன் வாயால் சொன்னவனும் அவன்தான். இந்தக் கரையில் வேறு எந்த முதலாளி சொன்னான்? நான் சொன்னேன். எழுதுங்கள்.