வண்டி இல்லாத படங்கள்

ஆறுமுகநயினாருக்குக் கார் கம்பெனியின் பெயின்ட் லைனில் குறை பார்க்கிற வேலை. வர்ணம் அடித்து வருகிற கார்க் கதவை விளக்கடியில் தலை சாய்த்துப் பார்ப்பான். ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் ஒதுக்கிவிடுவான். சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரகடம் வந்த நாளிலிருந்து அந்தக் கண்தான் அவனுக்குச் சோறு போட்டது.

லீவு நாளில் அதே கண்ணோடு தெருவில் இறங்குவான். பழைய கேமரா ஒன்று வாங்கித் தானாகவே தட்டுத் தடுமாறிப் பழகியிருந்தான். ரோடுகள் சேருகிற வடக்குப்பட்டு கூட்ரோட்டின் பஸ் நிழற்குடை, அதன் பின்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, ஷேர் ஆட்டோ திரும்புகிற முக்கு. எல்லாவற்றையும் எடுத்து, தன் பெயரோடு போன் மேப்பில் ஏற்றுவான். ஊருக்குப் புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள் அவன் படத்தைப் பார்த்துத்தான் இறங்குமிடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் அவனுக்கு ஒரு கர்வம்.

நிழற்குடையை ஒட்டி ஞானம்மாவின் இட்லி வண்டி நிற்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்தால் அவனுக்கு அங்கேதான் சாப்பாடு. ஆனால் படத்தில் வண்டியின் நீலத் தார்ப்பாயும் ஒழுகுகிற குடமும் அவன் கண்ணை உறுத்தின.

"யக்கா, வண்டியக் கொஞ்சம் தள்ளிக்கிடுங்களேன். ஒரு படம் எடுத்துக்கிடுதேன்."

"ஏன், என் வண்டி வந்தா உன் கேமரா வாந்தி எடுக்குமா?" என்று சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லைக் காலால் எத்திவிட்டு வண்டியைத் தள்ளுவாள் அவள்.

"பாலம் கட்ன கம்பெனிக்காரன்கூட உன்ன நவுத்தலியே ஞானம்மா, இவன் நவுத்திட்டானே!" என்பான் ஆட்டோக்கார இளம்பரிதி.

ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். அவளும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். ஓரத்துக் கடைகளையெல்லாம் எடுத்துவிடுவார்கள். கொரோனாவுக்கு முன்பிருந்தே கடை வைத்திருந்ததாகப் படம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் பின்னால் கட்டுகிற வரிசையில் இடம் உண்டு என்றார்கள். பழக்கடைக்காரர், தன் கடை பின்னால் தெரிகிற, மகனின் கல்யாண ஊர்வலப் படத்தைத் தேடி எடுத்தார். ஞானம்மா எதையும் தேடவில்லை.

"எங்க தம்பி நைனாரு கீறான். இந்தக் கூட்ரோட்ட அவனாட்டம் எவன் புடிச்சிகீறான்?"

அறைக்கு வந்து நயினார் கொரோனாவுக்கு முன்னால் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். நிழற்குடை இருந்தது. தொட்டி இருந்தது. வெயிலும் நிழலும் அவன் விரும்பியபடியே விழுந்திருந்தன. வண்டி எதிலும் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் வண்டிச் சக்கரத்தின் முட்டுக்கல் தரையில் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஞானம்மாவோடு நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனான்.

"கல்லு கெடந்தா கடையா தம்பி?" என்றார் அதிகாரி. தன் மேசைக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதே நிழற்குடை, கீழே அவன் பெயர். "அங்க கடை இல்லன்னு இத வெச்சுத்தான் எழுதியிருக்கோம். நல்லா எடுத்திருக்கீங்க."

"சார், நாந்தான் தள்ளச் சொன்னேன். இவுங்க அங்கனதான் இருந்தாங்க."

"அதையும் எழுதிக் குடுங்க, சேத்துக்கறோம். படம் இருக்கறப்ப எழுத்த யாரு பாக்கப்போறாங்க?"

வெளியே வந்து இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். அங்கே ஞானம்மா, திட்டுகிற குரலில் அல்ல, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அத்தினி படம் புடிச்சப்பவும் நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். உன் முதுகுக்குப் பின்னால. ஒரு தபா திரும்பிப் புடிச்சிருந்தா போதும்."

இடம் கிடைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் தங்குகிற ஹாஸ்டலுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்துச் சந்துக்கு வண்டி போனது.

பல நாள் தயங்கிவிட்டு, ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் நயினார் அங்கே போனான். கையில் கேமரா இல்லை, டிபன் பை மட்டும். நாலு பேர் தட்டேந்தி நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஞானம்மா கரண்டியை வைத்தாள். முட்டுக்கல்லைக் காலால் எத்திவிட்டாள்.

"இரு தம்பி, தள்ளிக்கிறேன். நீ புடிச்சுக்கோ."

"யக்கா, சாப்பிடத்தான் வந்தேன்."

வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது. தட்டோடு நின்றவர்களும் ஒன்றும் கேட்காமல் அதன் பின்னாலேயே போனார்கள்.